கல்லை அகற்றிய பின்

“பிலால் பேச்சு இந்த வருஷமும் எனக்குத்தானா, உஸ்தாத்?”

மீலாது விழா நிகழ்ச்சிகளுக்கு மாணவர்களின் பெயர்களை எழுதிக் கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு கேட்டான். “ஆமாம், உன்னைப் போல் அந்தப் பேச்சை வேறு யார் பேச முடியும்?” என்றேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு மெல்லிய குரலில், “நல்லா பேசுகதுனாலயா, நான் கறுப்பா இருக்கதுனாலயா?” என்று கேட்டான்.

எழுதிக் கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவனுக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில் மூன்று ஆண்டுகளாக அந்தப் பேச்சுக்கு அவனையே நான் தேர்ந்தெடுத்து வந்தேன். அவனுக்கு இனிய குரல் உண்டு. தஜ்வீத் முறை பிறழாமல் கிராஅத் ஓதுவான். எனினும் கிராஅத்துக்கு ஒரு முறைகூட அவன் பெயரை நான் எழுதியதில்லை. இது ஏன் என்று என்னையே கேட்டுக் கொண்டபோது கிடைத்த விடை எனக்கு வெட்கத்தைத் தந்தது.

இரணியல் வட்டாரத்தில் உள்ள ஒரு மதரஸாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நான் பாடம் சொல்லி வருகிறேன். கல்லூரியில் வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றவன். நிற வேற்றுமை தவறு என்பதை ஜும்ஆ உரைகளிலும் வகுப்புகளிலும் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னவன். அரபிக்கு அஜமியைவிடவும், வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவும், இறையச்சத்தால் அன்றி எவ்வித உயர்வும் இல்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது அறிவித்ததை என் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்த நானே, ஒரு சிறுவனின் நிறத்தைப் பார்த்து அவனுக்குரிய இடத்தை முடிவு செய்திருந்தேன்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தகைய நபித்தோழருக்கே திருத்தம் தேவைப்பட்டது என்றால் என் போன்றவர் எம்மாத்திரம்? ஒரு பிள்ளையின் வாய் வழியாக எனக்கு அந்தத் திருத்தம் வந்தது என்றே எண்ணிக் கொண்டேன்.

அன்றிரவு பிலால் (ரலி) அவர்களைப் பற்றி நான் எழுதிக் கொடுத்திருந்த பேச்சை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அபிசீனியத் தாயின் மகன், உமையாவின் அடிமை, சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சின் மீது பாறாங்கல் ஏற்றப்பட்ட நிலையிலும் இறைவன் ஒருவனே என்று முழங்கியவர், அபூபக்ர் (ரலி) அவர்களால் விலைகொடுத்து வாங்கப்பட்டு விடுதலை பெற்றவர். இவ்வளவும் அதில் இருந்தன. பிறகு பாங்கு சொன்னதைப் பற்றி இரண்டு வரிகள். அத்துடன் பேச்சு முடிந்தது. விடுதலைக்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதில் இல்லை. மதீனாவில் நாள்தோறும் ஐந்து வேளையும் மக்களைத் தொழுகைக்கு அழைத்தது, நபிகளாரின் செலவுப் பொறுப்பைக் கவனித்தது, மக்கா வெற்றியின்போது கஃபாவின் மீதேறிப் பாங்கு சொன்னது, பின்னர் சிரியா நாட்டில் வாழ்ந்து மறைந்தது என அவர்களின் சுதந்திர வாழ்க்கை முழுவதையும் நான் விட்டிருந்தேன். நெஞ்சின் மீதிருந்த கல்லைத்தான் ஆண்டுதோறும் மேடையேற்றிக் கொண்டிருந்தோம். கல்லை அகற்றிய பின் எழுந்து நின்ற மனிதரைக் காட்டவில்லை.

விடுதலை பெற்றவர்களையும் அவர்களது மரபையும் நினைவுகூர ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறுதான் எனக்குத் தோன்றியது.

உலகின் பல பகுதிகளில் இத்தகைய நாள்கள் உள்ளன. அமெரிக்காவில் அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எனினும் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் ஒரு படைத்தளபதி விடுதலை ஆணையை அறிவித்தது 1865 ஜூன் 19 அன்றுதான். சட்டப்படி விடுதலை பெற்றவர்கள் மேலும் இரண்டரை ஆண்டுகள் அடிமைகளாகவே உழைத்துக் கொண்டிருந்தார்கள்! மறு ஆண்டு முதல் அம்மக்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினர். 2021-இல் அது நாடு முழுவதற்குமான விடுமுறை நாளாக்கப்பட்டது. தமிழர் கணிசமாக வாழும் மொரீசியஸ் நாட்டில், 1835-இல் அடிமை முறை ஒழிந்ததன் நினைவாகப் பிப்ரவரி 1-ம், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதன் நினைவாக நவம்பர் 2-ம் அரசு விடுமுறை நாள்கள்.

அமெரிக்கா எங்கே, இரணியல் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். “உஸ்தாதே, நமக்கு ரெண்டு பெருநாள் போதாதா? இது என்ன புதுப் பழக்கம்?” என்றார். அவரது அச்சம் நியாயமானது. வணக்கமாகவோ பெருநாளாகவோ எதையும் புதிதாகச் சேர்க்கும் நோக்கம் எனக்கில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் ஒரு மாலைக் கூட்டம் மட்டுமே என்று விளக்கினேன். அடிமையை விடுவிப்பதை ஜகாத்தின் எட்டுச் செலவினங்களுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் குறிப்பிடுவதையும், தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் முறிக்கப்பட்ட சத்தியத்துக்கும் பரிகாரமாக அதை விதித்ததையும் அவரே எடுத்துச் சொல்லிவிட்டு, “அப்படியானா நடத்துங்க” என்றார்.

இரண்டாவது எதிர்ப்பு சற்றுக் கடினமானது. “நம்மூர்ல அடிமை எங்க இருந்தாவ? இல்லாததைக் கிளறி அக்கம்பக்கத்தாரை ஏன் நோகடிக்கணும்?” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அப்போதுதான், கல்லூரியில் படித்தும் மறந்திருந்த நம் மண்ணின் வரலாற்றை மீண்டும் புரட்டினேன்.

திருவிதாங்கூர் அரசின் காலத்தில் இரணியல் ஒரு தாலுகா. அந்த அரசின் நெல்வயல்கள் பலவும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தவை. புலையர், பறையர், குறவர் முதலிய மக்கள் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர், பாட்டத்துக்கு விடப்பட்டனர். 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் மக்களில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர்! நாஞ்சில் நாட்டின் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளுள் ஆள் விற்பனை பற்றிய ஓலைகளும் உள்ளன.

1812-இல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வணிகத்துக்குத் தடை விதித்தபோது, நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளுக்கு அத்தடை பொருந்தவில்லை. 1847-இல் கிறித்தவப் பாதிரிமார்கள் மன்னருக்கு விண்ணப்பம் அளித்தனர். 1853-இல், அரசுக்குரிய அடிமைகளுக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என அறிவிக்கப்பட்டது. இறுதியில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1855 ஜூன் 24 அன்று, அடிமை முறையை ஒழிக்கும் ஆணை வெளியாயிற்று.

கால்வெஸ்டனில் ஆணை அறிவிக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, அதே ஜூன் மாதத்தில், நம் மண்ணில் ஓர் ஆணை பிறந்திருக்கிறது. அங்கே அந்த நாளைத் தெருவெங்கும் கொண்டாடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு நாள் இருந்தது என்பதையே நாம் அறியவில்லை. அந்த இளைஞரிடம் இந்த விவரங்களைக் காட்டினேன். அவர் எதிர்ப்பைக் கைவிட்டதோடு, நாற்காலிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்யும் பொறுப்பையும் ஏற்றுக் கொண்டார்.

ஜூன் 19-க்கும் 24-க்கும் இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடிக்கத் திட்டம். ஆடம்பரச் செலவு கூடாது. பாயாசமும் சுக்குக் காப்பியும் மட்டும். பேச்சாளர்களாக மாணவர்களே இருக்க வேண்டும். இம்முறை பெயர்களை நான் எழுதவில்லை. உலகப் படத்தை விரித்து வைத்து, சில மனிதர்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, யாருக்கு எது விருப்பம் என்று கேட்டேன்.

ஒரு மாணவி உமர் இப்னு சயீதைத் தேர்ந்தெடுத்தாள். இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற அறிஞர் அவர். 1807-இல் பிடிக்கப்பட்டு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பி ஓடிச் சிறைப்பட்டபோது, அந்தச் சிறைச் சுவர்களில் கரியால் அரபியில் எழுதினார். 1831-இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபி மொழியிலேயே எழுதினார். அந்த நூலைத் தம் நினைவிலிருந்த ‘அல்முல்க்’ அத்தியாயத்தைக் கொண்டு தொடங்கினார். ஆட்சி முழுவதும் இறைவனுக்கே உரியது என்று கூறும் அத்தியாயம் அது. மனிதனை மனிதன் உடைமையாக்கிய நாட்டில் ஓர் அடிமை அதை எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் இரவு தோறும் ஓதும் அத்தியாயம் அல்லவா அது! விடுதலையைக் காணாமலேயே அவர் மறைந்தார். அவரது கையெழுத்துப் படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது.

இன்னொரு மாணவன் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியைக் கேட்டான். அவர் 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்து கொண்டார் என்ற செய்தி அவனுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

என்னைக் கேள்வி கேட்ட சிறுவன் கடைசியில் எழுந்தான். “அந்தத் தண்ணி கொண்டுவந்தவரு... அவரைப் பத்தி நான் சொல்லட்டா?” என்றான். மாலிக் அம்பரைத்தான் அவன் குறிப்பிட்டான். அவனுடைய வாப்பா கிணறு தூர்வாரும் வேலையும் குழாய் பதிக்கும் வேலையும் செய்பவர்.

அந்த ஞாயிறு மழையோடு விடிந்தது. தென்மேற்குப் பருவமழை எங்கள் மாவட்டத்தில் ஜூன் மாதத்தில் யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. திடலில் போட எண்ணியிருந்த நாற்காலிகளை மதரஸாக் கூடத்துக்குள் நெருக்கிப் போட்டோம். பெண்களுக்குத் திரையிட்ட தனிப் பகுதி. எண்பது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். கூடம் கொள்ளாமல் வராந்தாவிலும் நின்றார்கள்.

சிறப்பு விருந்தினராக அருகிலுள்ள ஊரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். அவருடைய முன்னோர் இப்பகுதி வயல்களில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. 1855-ஆம் ஆண்டு ஆணையைப் பற்றித் தம் வீட்டில் எந்தக் கதையும் இல்லை என்றார். தம் பாட்டி சொன்னவை எல்லாம் வழியில் ஒதுங்கி நின்ற கதைகளே என்றார். ஆணை வந்த பிறகும் சாலையும் சந்தையும் பள்ளிக்கூடமும் தம்மவருக்கு அடைபட்டே கிடந்தன. 1893-இல் அய்யங்காளி வில்வண்டி ஏறித் தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றதுதான் தம்மவர் நினைவில் நிற்கும் விடுதலை என்றார். “மகாராஜா கையெழுத்துப் போட்ட நாளை நீங்க ஞாபகம் வச்சிருக்கீங்க, சந்தோஷம். நாங்க ரோட்டுல நடந்த நாளைத்தான் ஞாபகம் வச்சிருக்கோம்” என்று கூறி அமர்ந்தார். கூட்டம் அமைதியாக இருந்தது. விடுதலை என்பது ஒருவர் கொடுத்த நாளில் முடிவதில்லை, மற்றவர் அதை வாழ்ந்து காட்டும் நாளில்தான் நிறைவு பெறுகிறது என்பதை அவர் எனக்கும் கற்பித்தார்.

பிறகு அந்தச் சிறுவன் வந்தான். மாலிக் அம்பர் 1548-ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவில் பிறந்தவர் என்றும், பலமுறை விற்கப்பட்டுத் தக்காணம் வந்தவர் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அதன்பின் அவன் பேசியதெல்லாம் அவரது செயல்களைப் பற்றித்தான். அகமதுநகர் அரசைக் காத்து நின்ற பேரமைச்சர். முகலாயப் பெரும்படையை மலைகளுக்கிடையே அலைக்கழித்த தளபதி. 1610-இல் கட்கி நகரை நிறுவியவர். அந்த நகரே பின்னர் அவுரங்காபாத் ஆயிற்று. 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று வழங்கப்படுகிறது. அந்த நகருக்கு நிலத்தடி வாய்க்கால்கள் வழியாக அவர் தண்ணீர் கொண்டுவந்த முறையைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. கரும்பலகையில் சரிவை வரைந்தான். இயந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சாய்வை மட்டும் கொண்டு தண்ணீர் எப்படி ஓடும், காற்றுப் போவதற்குத் தூண்கள் ஏன் தேவை என்று விளக்கினான். ‘அதெப்படி மேலே ஏறும்?’ என்று பெரியவர் ஒருவர் கேட்க, தன் வாப்பாவிடம் கற்றிருந்த விடையைத் தயங்காமல் சொன்னான். வராந்தாவில் நின்ற அவன் வாப்பா தலையைக் குனிந்து கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் மாலிக் அம்பரை அவரது நிறத்தைச் சுட்டியே இகழ்ந்தார். அவர் தலையைத் தாமே அம்பெய்து வீழ்த்துவதாக ஓவியமும் தீட்டச் செய்தார். ஓவியத்தில் மட்டுமே அது நடந்தது. 1626-இல் மாலிக் அம்பர் இயற்கையாக இறந்து குல்தாபாத்தில் அடங்கும் வரை முகலாயரால் அவரைப் பிடிக்க இயலவில்லை.

என் முறை வந்தபோது இரண்டு உண்மைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தேன். ஒன்று, ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்றவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர், வாங்கியவர்களிலும் இருந்தனர். நிறம் மிகுந்த பிள்ளையை நம் பக்கத்தில் ‘காப்பிரி’ என்று கேலி செய்கிறோமே, அச்சொல்லே அரபியிலுள்ள ‘காஃபிர்’ என்பதிலிருந்து வந்தது. அரபு வணிகர் ஆப்பிரிக்கரைக் குறித்த அச்சொல்லைப் போர்ச்சுகீசியர் எடுத்துக் கொண்டு கடற்கரை எங்கும் பரப்பினர். அந்தக் கப்பல்களின் கறை இன்னும் நம் நாவில் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, என் மாணவனிடம் நான் செய்த தவறு. அவன் பெயரைச் சொல்லாமல் அதைச் சபையில் ஒப்புக் கொண்டேன்.

முடிக்கும் தறுவாயில் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. “பிலால் (ரலி) அவர்களைப் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது முதலில் நிறத்தைத்தானே கேட்கிறோம்? இதற்கு உஸ்தாத் என்ன சொல்கிறார்கள்?” என்று அதில் எழுதியிருந்தது.

படித்துவிட்டு நான் சிறிது நேரம் நின்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டுக்குச் சென்றோம். நல்ல குடும்பம், மார்க்கம் பேணும் பெண். தேநீர் அருந்திவிட்டு, “சொல்லி அனுப்புகிறோம்” என்று கூறி வந்தோம். வழியில் என் உம்மா, “பிள்ளைக்கு நிறம் கொஞ்சம் கம்மி” என்றார்கள். நான் மறுக்கவில்லை, மௌனமாக இருந்தேன். அந்த வீட்டுக்கு நாங்கள் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

இதை அப்படியே சபையில் சொன்னேன். “இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். இன்ஷா அல்லாஹ், அவனுக்குப் பெண் பார்க்கும் நாளில் என் வீட்டில் அந்தக் கேள்வி எழாது. அதற்கு மட்டும் நான் பொறுப்பேற்கிறேன்” என்றேன். திரைக்கு அப்பாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சீட்டு யார் எழுதியது என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குள் மஃரிப் பாங்கு ஒலித்தது. நாள்தோறும் கேட்கும் ஒலிதான். எனினும் அன்று கூடத்திலிருந்த ஒவ்வொருவரும், அந்த அழைப்பை முதன்முதலில் விடுத்த மனிதரின் நிறத்தை எண்ணியிருப்பார்கள்.

ஒரே மாலையில் ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். மறுவாரமே மதரஸா வாசலில் ஒரு சிறுவன் இன்னொருவனைக் ‘காப்பிரி’ என்று அழைத்ததைக் கேட்டேன். ஆனால் அருகிலிருந்த மற்றொரு சிறுவன் அவனைத் தடுத்து, அச்சொல் வந்த வழியைச் சொல்லிக் கொடுத்ததையும் கேட்டேன். அடுத்த மீலாது விழாவில் என் மாணவன் கிராஅத் ஓதினான். பிலால் (ரலி) அவர்களைப் பற்றிய பேச்சை வேறொரு மாணவன் விரும்பிக் கேட்டு வாங்கிக் கொண்டான். பேச்சைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். கல்லைப் பற்றி அதில் இப்போது இரண்டே வரிகள்தான். அதை அகற்றிய பின் வாழ்ந்த வாழ்க்கைக்கே மீதிப் பக்கங்கள் அனைத்தும்.

சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் ஊரிலும் விடுதலை பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள் அடுத்த தெருவில் இருக்கலாம். உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் நிறத்தால் ஓர் இடத்தில் நிறுத்தப்பட்ட பிள்ளை இருக்கலாம். மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாவிட்டாலும் குறையில்லை. அந்தப் பிள்ளையிடம், உனக்கு எதைப் பேச விருப்பம் என்று ஒரு முறை கேளுங்கள்.

நாம் அறிந்தும் அறியாமலும் பிறர் நெஞ்சின் மீது ஏற்றி வைத்த கற்களை நம் கைகளாலேயே அகற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.